முகத்துக்குப் போதுமான வெளிச்சம்

துளசிராமனுக்குக் கரண்ட் போனால் காதும் போய்விடும். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவருக்கு அப்படி இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இளமை முழுவதையும் கழித்தவர் அவர். பழுக்கக் காய்ந்த கம்பி, உருளைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு வருகிற இடத்தில் வாயால் பேசிப் பிரயோசனம் கிடையாது. அங்கே கைதான் பேசும். கையை முஷ்டி பிடித்தால் நிறுத்து என்று அர்த்தம், விரலைச் சுழற்றினால் ஓட்டு. அதனால் காது மங்கிக்கொண்டு வந்தது ஆலையில் இருந்தவரை அவருக்கே தெரியவில்லை. யாருக்குமே எதுவும் கேட்காத இடத்தில் தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? வேலையிலிருந்து நின்று, கவரைப்பேட்டைக்கு மேற்கே இருந்த வீட்டோடும் நெல் வயலோடும் வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. குக்கர் விசில் கேட்கவில்லை. மனைவி முத்தம்மாள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்கவில்லை.

ஆனால் எதிரில் நின்று பேசினால் வாயசைவை வைத்து முக்கால்வாசி புரிந்துகொள்வார். மிச்சத்துக்கு ஒரு பதில் வைத்திருந்தார்: "ம்... பாத்துக்கலாம்." உரம் வாங்கணுமா, கல்யாணத்துக்குப் போகணுமா, கூரை ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்கிற பதில். ஊரில் அவரை நிதானமானவர் என்று சொன்னார்கள். நல்ல நிதானம்!

ஏன் மறைத்தார் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. கூட வேலை பார்த்த மோகன்ராஜுக்கு இப்படித்தான் காது போனது. அதன் பிறகு மோகன்ராஜின் வயல் வரப்புத் தகராறைக்கூட அவனை உட்கார வைத்துக்கொண்டே அவன் தம்பியிடம் பேசினார்கள். இருக்கிற மனுஷனை இல்லாதவனாக்கிவிட்டார்கள். அந்தக் கதி தனக்கு வரக்கூடாது, அதுவும் முத்தம்மாளிடம் வரக்கூடாது என்று துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பகலில் சமாளித்துவிடலாம். ராத்திரியில் டியூப்லைட் உண்டு. கரண்ட் போனால்தான் ஆபத்து. அத்திப்பட்டில் உற்பத்தியாகிற கரண்ட் அந்தப் பக்கத்து ஊர்களின் தலைக்கு மேலேயே பெரிய பெரிய கோபுரங்களில் ஏறிப் போகிறது. கீழே இருக்கிறவர்களுக்கோ, மழையோடு கொஞ்சம் காற்று சேர்ந்தால் போதும், லைன் செத்துவிடும். அப்போது முத்தம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அவருக்கு அவள் முகம் இருக்காது, முகம் இல்லாவிட்டால் பேச்சும் இல்லை. அவர் வாயை மூடிக்கொள்வார். இருட்டில் இந்த மனுஷனுக்கு ஏதோ கோபம் வந்துவிடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆகவே அவர் டார்ச் வாங்கினார். ஒன்றா இரண்டா? மின்சார ரயிலில் கூவி விற்கிறவனிடம் ஒன்று, சந்தையில் ஒன்று, பொன்னேரியில் பிளாட்பாரக் கடையில் ஒன்று. எல்லாம் பின்பக்கம் இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்கிற, சுவரில் செருகிச் சார்ஜ் போடுகிற மலிவு சாமான்கள். எந்த நேரம் கரண்ட் போகுமோ என்கிற பயத்தில் அவற்றை அவர் சுவரிலிருந்து பிடுங்கவே மாட்டார். இரவும் பகலும் சார்ஜ் ஏறி ஏறி பேட்டரி உப்பி, நாலு மாசம் தாங்காமல் செத்துப்போகும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகக் கொன்றார்.

"இன்னாத்துக்குயா இத்தினி டார்ச்சு? நம்ம ஊட்ல இன்னா புதையலா கீது, திருடன் வர்றதுக்கு?" என்பாள் முத்தம்மாள்.

"ம்... பாத்துக்கலாம்."

கடைசியில் கும்மிடிப்பூண்டி பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ரஃபியிடம் போனார். பழவேற்காட்டுக்காரர், வியாபாரக் குடும்பம். சாமானை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் ரஃபி ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு தூரம் வேணுமா, நேரம் வேணுமா? தூரமா அடிக்கிறது சீக்கிரம் தீந்துடும். ரொம்ப நேரம் நிக்கிறது கிட்டக்கதான் அடிக்கும்."

ரஃபி வெற்றிலை மென்றுகொண்டு பேசினதில் துளசிராமனுக்குத் தூரம் என்கிற ஒரு சொல்தான் பிடிபட்டது. அதற்குத் தலையாட்டிவிட்டார். ஊர்க்கோடித் தென்னைமரம்வரை அடிக்கிற தடித்த டார்ச் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதை முத்தம்மாளின் முகத்தில் அடித்தால், அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். எந்த வாயைப் பார்க்க வேண்டும் என்று வாங்கினாரோ அந்த வாய் முந்தானைக்குள் போய்விடும்.

கார்த்திகையில் புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தது. தென்னைமரம்வரை அடித்த டார்ச் முதல் நாளே மூச்சை விட்டுவிட்டது. சார்ஜ் போடக் கரண்ட் வேண்டுமே! மண்ணெண்ணெய் வாசனையை அந்த வீடு மறந்து எத்தனையோ காலம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டிருந்தது. துளசிராமன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முத்தம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது கட்டில் அழுந்தியதில் தெரிந்தது. பிறகு அவள் கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. அவள் மூச்சு அவர் தோளில் பட்டது. ஏதோ சொல்கிறாள். நிறுத்துகிறாள், மறுபடி சொல்கிறாள். கடைசியில் கை இறுகியது, அசையாமல் அப்படியே இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

இன்னா சொன்ன, கேக்கல என்று அவர் கேட்டிருக்கலாம். மூன்று வார்த்தைதான். அவர் சொன்னது வேறு: "ம்... பாத்துக்கலாம்."

கை மெல்ல விலகியது. கட்டில் நிமிர்ந்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

காலையில் அவள் முகத்தைப் பார்த்தார். எப்போதும்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி தீர்ந்ததைச் சொல்லியிருப்பாள், ஓடு உடைந்ததைச் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அரிசி தீர்ந்ததைச் சொல்ல யாரும் மணிக்கட்டைப் பிடிப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பேசாமல் இருந்தார். அந்தச் சின்னக் கோழைத்தனத்துக்கு என்ன விலை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பொங்கல் போயிற்று. மாசியும் போயிற்று. தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற மகள் இளமதி லீவுக்கு வந்திருந்தபோது, அம்மா இடது கையைத் தூக்கி ஜாக்கெட் மாட்டக் கஷ்டப்படுவதைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்த இளமதியின் முகம் வெளுத்திருந்தது. "நைனா, கிளம்பு. மெட்ராசுக்குப் போணும்" என்றாள்.

மார்பில் கட்டி. ஒரு புளியங்கொட்டை அளவில் இருந்தது இப்போது எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தார். அவர் என்ன கேட்டார் என்று துளசிராமனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அறையில் நல்ல வெளிச்சம். முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

"புயல் அப்பவே அவராண்ட சொன்னேம்மா. மூஞ்சப் பாத்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. கரண்ட் இல்லாதப்போ சொன்னேன். பாத்துக்கலாம்னு சொல்ட்டாரு."

அப்போதுதான் துளசிராமனுக்கு விளங்கியது. வெளிச்சத்தில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அவள் இருட்டுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அவருக்குக் காது இல்லாத அந்த ஒரே இடத்துக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறாள்.

வராந்தாவில் அவளை உட்கார வைத்து, மகள் எதிரிலேயே சொன்னார்: "எனுக்கு காது கேக்காது முத்தம்மா. ரொம்ப வருசமா கேக்காது. உன் வாயப் பாத்துதான் பேசிக்கினு இருந்தேன். அன்னிக்கு நீ சொன்னது ஒண்ணும் எனுக்கு கேக்கல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான் செவுத்தாண்ட சொன்னனா?" என்றாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்படியே பல நாள் இருந்தாள். ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் ஜன்னல் பக்கம்தான் முகம். சோறு போடும்போது முதுகுதான் தெரியும். திட்டினாளா அழுதாளா என்றுகூட அவரால் தெரிந்துகொள்ள முடியவில்லை. வேறு பெண்ணாக இருந்தால் கத்தியிருப்பாள். செவிடனிடம் கத்தி என்ன ஆகும்? முகத்தைக் காட்டாமல் இருந்தாள், அது போதுமானதாக இருந்தது. பட்டப்பகலில் அவருக்குக் கரண்ட் போயிருந்தது. தனக்கு இது வேண்டும் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, கவரைப்பேட்டையில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாள். ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்தது. கும்மிடிப்பூண்டியில் இறங்கி, தலைக்குக் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டு, நேராக ரஃபி கடைக்குள் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"பாய், இந்த ஆளு ஊடு பூரா டார்ச்சா வாங்கி ரொப்பி வச்சிகினு கீறாரு. ஒண்ணும் உருப்படியில்ல. மூஞ்சிக்கு நேரா வச்சா கண்ணு கூசக்கூடாது. ரெண்டு மூணு நாளு கரண்ட் இல்லாட்டியும் நிக்கணும். அப்டி இன்னா கீது?"

ரஃபி யோசித்து, வெள்ளை மூடி போட்ட குட்டையான விளக்கு ஒன்றை எடுத்து வைத்தார். பென்சில் செல் போடுவது. "இது பாக்க சுமாராத்தான் இருக்கும்கா. ஆனா நாளக்கணக்குல எரியும். சார்ஜ் பேஜாரே இல்ல. செல்லு தீந்தா பொட்டிக்கடையிலயே கெடைக்கும். ஒண்ணு மட்டும் செய்ங்க, வேலையில்லாத மாசத்துல செல்லக் கழட்டி தனியா வச்சிடுங்க. உள்ளயே வுட்டா கசிஞ்சி ஸ்பிரிங்கு துருப்புடிச்சிக்கும்."

"லைட்ட அணை பாய். ஷட்டரயும் பாதி எறக்கு."

ரஃபி விழித்தார், ஆனாலும் செய்தார். இருண்ட கடைக்குள் முத்தம்மாள் விளக்கை முகத்துக்கு எதிரே கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். பல நாளுக்குப் பிறகு அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"இன்னா சொன்னேன்?"

"'இது நல்லா கீதா'ன்னு கேட்ட" என்றார் துளசிராமன்.

"இதக் குடு பாய்" என்றாள்.

ஆடிக் காற்றில் ஒரு சாயங்காலம் லைன் போனது. அடுத்த ஊசி போட்டு வந்த களைப்பில் முத்தம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். துளசிராமன் செல்லைப் போட்டு விளக்கை அவள் எதிரே ஸ்டூலில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தலைத் துண்டை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாள். முடி இல்லாத அந்தத் தலையை அவள் அவருக்குக் காட்டுவது அதுதான் முதல் தடவை.

"நல்லா தெரிதா?"

"தெரிது."

"எனுக்கு பயமா கீதுயா. டாக்டரு கட்டி கொறைஞ்சிக்கினு வர்துன்றாங்க. ஆனா ஒடம்பு தாங்க மாட்டேன்து. அடுத்த நடவுக்கு நான் இருப்பனா இல்லியான்னு தெரில."

அவர் வாயில் வழக்கமான அந்தப் பதில் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"எனுக்கும் தெரில" என்றார். "அன்னிக்கே கேக்கலன்னு சொல்லியிருந்தா..." நாற்காலியைப் பின்னால் தள்ளி, வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவள் பார்க்க வேண்டாம் என்று அங்கே இருந்துகொண்டு அழுதார். இருட்டு தன்னை மூடிக்கொண்டது என்றுதான் நினைத்தார். தன் அழுகையின் சத்தத்தை அவர் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே அவர் நினைப்பில் இல்லை.

எதிரே வெளிச்சத்தில் அவள் வாய் அசைந்தது.

"அழுவாதயா."

அவர் திடுக்கிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கு கேக்குதுல்ல" என்றாள் முத்தம்மாள். "கிட்ட வந்து ஒக்காரு. நான் இன்னும் சொல்லி முடிக்கல."