முகமூடி போட்ட செவ்வாய்க்கிழமை

எனக்கு ஒன்பது வயதான வருடம், தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அப்பா அம்மாவின் பூப்போட்ட சோட்டிக் கவுனை மாட்டிக்கொண்டு, கையில் பெண் முகமூடியோடு கண்ணாடி முன்னால் நின்றார். நாள் முழுக்க கராஜில் லொறிகளுக்கு அடியில் படுத்துக்கிடக்கிற மனிதர். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இடுப்புப் பக்கத்தைப் பிடித்துத் தைத்தார். எனக்கு அப்பாவின் பழைய சேட்டு, மீசை வரைந்த காட்போட் முகமூடி. பெண்பிள்ளை நான் புருஷன், அப்பா பெண்சாதி.

எங்கள் பறங்கி ஆட்களின் கார்னிவல் அது. போர்த்துக்கேயக் கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விடிந்தால் சாம்பல் புதன். அதிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, கலியாணம் இல்லை. வயலின்கூடப் பெட்டிக்குள் போய்விடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தின்று, குடித்து, ஆடித் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் மிஞ்சின முட்டையெல்லாம் பான்கேக் ஆகும். ஒழுங்கையில் போகிறவர் தலையில் மாவும் தண்ணீரும் விழும். யாரும் கோபிக்கக் கூடாது. முகமூடிக்காரர் வந்தால் யார் வீட்டுக் கதவும் திறக்க வேண்டும். அவர்கள் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் மூன்று தரம் ஆளைச் சொல்லிப் பார்க்கலாம். சரியாகச் சொன்னால் முகமூடியைக் கழற்ற வேண்டியதுதான். மூன்று தரமும் பிழையாகச் சொன்னால், வீட்டுக்காரர் அவர்களை இருத்திச் சாப்பாடு கொடுத்து, கூட ஆடவும் வேண்டும்.

கராஜ் பெடியன்கள் ரபான் மேளத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் வீடுவீடாக ஏறினோம். சந்தோசத்தில் எனக்கு நடக்கவே முடியவில்லை, ஓட்டம்தான். ஆனால் போன வீடெல்லாம் தோல்வி. அப்பா ஆடத் தொடங்கினால் முதலில் இடது தோள் தனியாகக் குலுங்கும், அதற்குப் பிறகுதான் இடுப்பு அசையும். தோள் குலுங்கின உடனேயே சின்னப் பிள்ளைகள்கூட அப்பாவின் பெயரைக் கூவிவிடுவார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு வீட்டிலாவது வெல்ல வேண்டும்.

பொழுதுபடுகிற நேரம் அப்பா ஒரு நீலக் கேற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார். ரபான் சத்தம் நின்றது. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பெடியன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். அது பெரியப்பாவின் வீடு. அப்பா செட்டிபாளையத்துச் சைவப் பிள்ளையான என் அம்மாவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அந்தக் கேற்றைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. பெரியப்பாவைக் கோவிலில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. திரும்பிப் போவோமா என்று ஒரு பெடியன் மெதுவாகக் கேட்டான். அப்பா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, கேற்றைத் தானே தள்ளினார்.

பெரியப்பா விறாந்தையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வில் நின்றது. மாவுக்கையோடு வெளியே வந்த பெரியம்மா, அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆடட்டும்" என்றார் பெரியப்பா. வாசிப்பு மறுபடி தொடங்கியது.

அப்பா ஆடினார். இடது தோள் குலுங்கியது. முடிந்தது கதை என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் பெரியப்பா தாடையைத் தடவி, இது பேக்கரிக்காரன் என்றார். பேக்கரிக்காரன் அப்பாவின் நெஞ்சளவுதான் இருப்பார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. அடுத்து, பள்ளிக்கூடக் காவலாளி என்றார். அவர் தடியில்லாமல் நடக்கமாட்டாத கிழவர். மூன்றாவது தரம் என்னைத்தான் பார்த்தார், வெகுநேரம். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. நான் மூச்சும் விடவில்லை.

"கொழும்பால வந்த ஆரோ வெளியாக்கள்" என்றார் கடைசியில். "எனக்குப் பிடிபடல்ல. நான் தோத்துப்போனன்."

பெடியன்கள் யாரும் கைதட்டவில்லை. நான் ஒருத்திதான் தட்டினேன்.

எங்களை மேசையில் இருத்தினார்கள். தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாணியும் வைத்துச் சுருட்டின பான்கேக் வந்தது. முகமூடியைத் தூக்காமல் எப்படித் தின்பது என்று நான் முழித்தேன். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்து, "சாப்பிட்டு முடியுமட்டும் லைட்ட நூத்துவிடுகா" என்றார். இருட்டில் ஆசையாகத் தின்றேன். பக்கத்தில் அப்பாவுக்குத் தடிமன் பிடித்ததுபோல மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. லைட்டை அணைக்காவிட்டால் எங்களைப் பிடித்திருக்கலாமே, இவ்வளவு விளங்காத மனிதரா என்று எனக்குப் பெரியப்பாவில் இரக்கமாக இருந்தது.

வெளிச்சம் வந்ததும் அவர் தோற்றதற்கு ஆடினார். அவருக்கும் இடது தோள்தான் முதலில் குலுங்கியது. ஒரு தரம் பார்த்ததிலேயே அப்பாவின் ஆட்டத்தைப் பழகிவிட்டாரே என்று அசந்துபோனேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, பெடியன்களுக்குக் கை ஓயும்வரை ஆடினார்கள். புறப்படும்போது பெரியம்மா பான்கேக் சுற்றின பொட்டலத்தை என் கையில் வைத்து, "அம்மாக்கும் குடு புள்ள" என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெரியப்பா என்னென்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் சலிக்காமல் சொன்னேன்.

காலையில் கோவிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பும்போது பெரியப்பா எதிரே வந்தார். அது நாங்கள்தான் என்று சொல்லிவிட என் நாக்குத் துடித்தது. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். பெரியப்பா எங்களைப் பார்க்காமலே, வழமைபோல, கடந்து போனார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு ஒரே கெம்பீரம். வீடு வந்து சேரும்வரை துள்ளிக்கொண்டே வந்தேன்.