மகாதேவி மணந்து பிடித்த மாசி

கொலோனில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் மகாதேவி, வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதே இல்லை. 14.05.2004 வெள்ளியன்று கணவர் குணரத்தினம் அவரை டுசல்டோர்ஃபில் யப்பானியர் வாழும் அமைதியான நீடர்காசலுக்குக் கூட்டிப்போனார். அங்குள்ள புத்த கோயிலின் தோட்டம் பார்த்தபின் ஒரு சிறு யப்பானியச் சாப்பாட்டுக் கடையில் சூப் வந்தது.

“மரக்கறிதானப்பா, குடியும்.”

மகாதேவி மணந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “இஞ்சேருங்கோ, இதிலை மாசி கிடக்கு!”

“யப்பானிலை மாசியோ? உமக்கு விசர்.”

மகாதேவி விசாரித்ததும், கடைக்காரப் பெண் சூப்பில் சீவிப் போடும் காய்ந்த மீன்கட்டியைக் கொண்டுவந்து காட்டினார். சம்பலுக்கு இடிக்கும் மாசியேதான். மகாதேவி வெறுஞ்சோறும் ஊறுகாயும் சாப்பிட்டார்.

“நாளைக்கும் இஞ்சை வர ரெயில் ரிக்கற் எடுங்கோ. நல்ல வாசமாக் கிடக்கு.”

சனிக்கிழமை அதே கடையில் மகாதேவி இரண்டு கிண்ணம் குடித்தார்.