எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் எங்கள் பஸ் எஞ்சின் கொதித்து நிற்கிறது. தேயிலைத் தோட்டத்து எல்லைக்கல்லுக்கு வெளியே, ரோட்டோரம், ஒரு பெண் கூடையோடு தன் பசுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இறங்கிப் போய், எதற்கென்று கேட்கிறேன்.

“சாணி போடட்டும்னுதாங்க. உள்ள போட்டா தேயிலைக்கு எரு வேணும்னு தோட்டத்து ஆளுங்க அள்ளிக்கிறாங்க. மாடு தின்னது தோட்டத்துப் புல்லாம். நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால நான் போட்ட போஞ்சிக் கொடி, எரு இல்லாம மஞ்சளாப் போச்சு.”

புல்லை அறுத்துச் சுமந்தவள் இவள். மாடும் இவளுடையது. சாணி மட்டும் தோட்டத்துத் துரையுடையது. கல்லுக்கு உள்ளே தேயிலை கரும்பச்சையாகக் கொழுத்திருக்கிறது. அங்கே தோட்டத்துக் காவல்காரனும் ஒரு கூடையோடு காத்திருக்கிறான்.

எஞ்சின் ஆறிவிட்டது. எங்களை ஏறச் சொல்லி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பசு மிரண்டு பின்வாங்கி, கல்லைத் தாண்டி உள்ளே போய், வாலைத் தூக்குகிறது.

காவல்காரன் குனிந்து, சூடு ஆறுமுன் அள்ளிக்கொள்கிறான்.