பால்கோவாக் கதையை எழுதியது ஆணா, பெண்ணா?

இன்று மதியம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். மலைக்காற்றில் ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்த அக்கா மடியில் விரித்திருந்த வாரப் பத்திரிகையில் என் கதை! கடையில் பால்கோவா கிண்டுகிறவரைப் பற்றியது. என் புனைபெயர் வெறும் இரண்டு எழுத்து, அதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"பால் அடிபிடிச்சிருமோன்னு பயந்துக்கிட்டே நிக்கிறத எழுதிருக்கு பாருங்க. அடுப்படியில கெடந்த பொம்பளைக்குத்தான் இது தெரியும்."

"ஏட்டி, கடையில தெனம் கிண்டுறவன் நான். கைய நிப்பாட்டுன பொறவுதான் தோள்பட்ட வலிக்கும்னு எழுதிருக்கான். ஆம்பளதான்!"

கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா பேசும்போது பெண்ணாக இருந்தேன். அவர் பேசும்போது ஆணானேன். பஸ் ஆடிய ஆட்டத்தில் இரண்டும் கலந்து, பால்போல மெல்லத் திரண்டு வந்தது.

'எழுதியது நான்தான்' என்று வாய்வரை வந்தது. அதற்குள் கோபுரம் தெரிந்துவிட்டது. சண்டை முடியாமலே இருவரும் இறங்கிப் போனார்கள்.

இனி அந்தச் சண்டையை நீங்கள் தொடரலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நான் இதுவரை பால்கோவா கிண்டியதே இல்லை. தின்றதோடு சரி.