வாளியில் கட்டிய பனியன் துணி

என் வீட்டில் தண்ணீர் வாளியின் கைப்பிடியில் எப்போதும் ஒரு பனியன் துணி கட்டியிருக்கும். கையை அறுக்காமல் இருக்கக் கட்டியிருக்கிறேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவசரத்துக்கு அதை அவிழ்த்து அடுப்பைத் துடைப்பாள். நான் மறுபடி கட்டிவைப்பேன். அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. எழுதுவதற்கு மட்டும் அஞ்சாம் வகுப்புப் படிப்பு உதவுகிறது.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் கம்பெனிகளும் பங்களாக்களும் எழும்பிக்கொண்டிருந்த காலம். பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. அதனால் மொசைக் தரை போடும் மேஸ்திரி ஒருவரிடம் சித்தாளாகப் போனேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவார், வேலை இருக்காது. கல் சில்லுகளை நிறவாரியாகப் பிரித்து, கழுவி, வாளிகளில் நிரப்பிவைப்பது என் வேலை. மேஸ்திரி பித்தளைப் பட்டியை வளைத்துப் பூவாகவோ மயிலாகவோ தரையில் பதிப்பார். அதற்குள் சில்லுகளை வெள்ளை சிமெண்டில் குழைத்து நிரப்புவார். அப்போது பார்த்தால் எல்லாம் ஒரே கூழாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு மெஷினில் தேய்த்தால்தான் ஒவ்வொரு கல்லும் தன் நிறத்தைக் காட்டும். “தேய்க்கிற வரைக்கும் தரை யாரையும் காட்டிக்குடுக்காது, தங்கச்சி” என்று அடிக்கடி சொல்வார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அவர் இலைக்குப் பச்சைச் சில்லு எடுக்கிறேன் என்று சிவப்பு வாளிக்குள் கைவிட்டார். கவனப்பிசகு என்று பச்சை வாளியை நகர்த்தி வைத்தேன். அப்புறமும் அப்படியே நடந்தது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் எல்லாம் அவருக்குத் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் மட்டும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தார் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. எனக்கு முன்னால் அவரிடம் சில்லு பிரித்தது அவர் சம்சாரம். அந்த அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் பச்சை வாளியின் கைப்பிடியில் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த வேஸ்ட் துணி ஒன்றைக் கட்டிவைத்தேன். மேஸ்திரியின் கை அதில் பட்டது. துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்த வாளியிலிருந்து சில்லை அள்ளினார். டீ வந்தபோது முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். அதற்கப்புறம் எத்தனையோ தரைகள் போட்டோம். ஒருநாளும் நிறம் தப்பவில்லை.

பிறகு ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டு வேலை வந்தது. வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு கிளி வேண்டும் என்று முதலாளியம்மா ஆசைப்பட்டார். இடது பக்கத்துக் கிளியை முடித்த அன்று, பல்லடத்தில் என் நாத்தனார் தவறிவிட்டதாகச் சேதி வந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை; வலது பக்கத்துக் கிளியை அப்போதுதான் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பதிலாக வந்த பெண் துணியை அவிழ்த்துக் கை துடைத்திருக்கிறாள். துடைத்த துணி தொலையக் கூடாதென்று பக்கத்திலிருந்த சிவப்பு வாளியில் கட்டிவைத்திருக்கிறாள். திருப்பூரில் பனியன் வேஸ்ட்டைப் பார்த்தால் யாருக்கும் துடைக்கத்தான் தோன்றும். அவள்மேல் குற்றம் இல்லை.

தேய்க்கிற அன்று நானும் இருந்தேன். மெஷின் ஓடி, சேறு வழிந்து, இடது பக்கம் பச்சைக் கிளி சிவந்த மூக்கோடு எழுந்தது. வலது பக்கம் உடம்பெல்லாம் சிவப்பு, மூக்கு மட்டும் பச்சை.

“ஏனுங்க மேஸ்திரி, இது கிளிங்களா, செம்போத்துங்களா?” என்று முதலாளியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு, அம்மா?” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கட்டட இன்ஜினியர் கீழே கிடந்த இரண்டு சில்லுகளைப் பொறுக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். “இதுல எது பச்சைன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

மேஸ்திரி கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

‘வாளியை நான்தானுங்க மாத்தி வெச்சுட்டேன், மேஸ்திரி என்ன பண்ணுவாரு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு ரெண்டு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை பேர் கண்ணும் என் பக்கம் திரும்பியதும் உள்ளே போய்விட்டது. குனிந்து சேற்றைத் தள்ள ஆரம்பித்தேன். மேஸ்திரி கொத்துக் கரண்டியைக் கழுவினார், வாளியிலிருந்த துணியை அவிழ்த்து அதைத் துடைத்தார். துணியைப் பிழிந்து, மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். திரும்பி வரவே இல்லை.

இன்று காலையிலும் மருமகள் துணியை அவிழ்த்து அடுப்பு துடைத்து, அவசரத்தில் வேறு வாளியில் கட்டிவிட்டாள். அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “நான்தானுங்க மாத்தி வெச்சுட்டேன்” என்று வாய்விட்டு வந்துவிட்டது.

மருமகள் எட்டிப்பார்த்தாள். “இருக்கட்டுங்கத்தை, வாளிதானுங்க” என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிப் போனாள்.