சார்த்ர் கோவிலில் கதிரைகளுக்கு நடுவே

சகோதரங்களே, மனிதனுக்குச் செபிக்கக்கூட அலுப்பு வருமா? எனக்கு வந்தது.

1996. யாழ்ப்பாணத்துச் சனம் போரில் இடம்பெயர்ந்த பிறகு என் தம்பி அன்ரனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ரொறன்ரோவில், வோபர்னிலிருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் செபமாலை தொடங்குவேன். இரண்டாம் மணியிலேயே குறட்டை. பக்கத்தில் இருப்பவர் இடம் மாறிவிடுவார். கட்டிலில் மட்டும் நித்திரை வராது. தம்பி இல்லை என்று மனம் முடிவெடுத்துவிட்டது, வாய்தான் சொல்லவில்லை.

மனைவி கிளாரா பொறுத்துப் பார்த்தாள். "உங்கட முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு. பாரிசுக்குத் தங்கச்சியிட்டப் போட்டு வாங்கோ."

தங்கை ரோசி என்னைப் பாரிசுக்கு வெளியே இருக்கும் சார்த்ர் பேராலயத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே தரைக் கல்லில் பெரிய வட்டச் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. தம்பிக்காக அதை முழங்காலில் சுற்றுவதாக நேர்த்தி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், பாதைமேல் வரிசையாக, பூசைக்கு வரும் சனம் இருக்கிற கதிரைகள்!

"என்னண்ணை, தப்பினன் எண்டு சந்தோசம் போல?"

"கதிரை கிடக்குது பிள்ளை. நான் என்ன செய்ய?"

"நடுவால போங்கோ. வயித்து வண்டியைக் கொஞ்சம் எக்கிக்கொள்ளுங்கோ."

போனேன். இரண்டு கதிரைகளுக்கு நடுவே இறுகிப்போனேன். ரோசி சிரித்தாள், என் முகத்தைக் கண்டதும் நிறுத்தினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஏலாது." மாதக்கணக்கில் நான் சொன்ன முதல் உண்மையான செபம் அதுதான்.

ரோசி பக்கத்தில் இருந்து அந்தக் கோவிலின் கதையைச் சொன்னாள். 1194இல் பழைய கோவில் எரிந்ததாம். அங்கே காத்துவந்த மாதாவின் துணியும் எரிந்துபோய்விட்டதென்று ஊரே அழுததாம். சில நாளில், நிலவறையில் ஒதுங்கியிருந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்களாம். பிறகு எழுப்பியதுதான் இந்தக் கோவில்.

"உயிரோட வந்தவை, அண்ணை."

எனக்கு நம்பத் தெம்பில்லை.

அடுத்த கிழமை கிளாரா ரோசி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரன் வவுனியாவில நிக்கிறான். என்னோட கதைச்சவன்."

"அவன்தானோ?"

"ஓமப்பா. அண்ணை எங்கை எண்டான். பாரிசில எண்டன். 'நான் இஞ்ச சாகக் கிடக்கிறன், அவருக்கு உல்லாசப் பயணமோ?' எண்டு ஏசினவன்."

அந்த ஏச்சில் அவன் குரலே கேட்டது. ஆண்டவருக்கு நன்றி சொல்ல அழுகைதான் வந்தது.

இன்றும் அதே வேலை, அதே களைப்பு. ஆனால் அவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். ஏலாது என்றால் ஏலாது என்றே சொல்கிறேன். செபிக்கத் தெம்பில்லாதவர்களே, நீங்களும் அந்த ஒரு சொல்லோடு அவரிடம் போங்கள். அன்ரனோடு இடம்பெயர்ந்து நடந்த எத்தனையோ பேரின் வீட்டுத் தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை. அவர்களுக்காக நான் செபிக்கிறேன். என்னோடு சேருங்கள்.