ஐந்து பள்ளிக்கூடங்களும் அக்கா எழுதிய ஏழு பெயர்களும்

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் இருக்கும் அண்ணை சொல்லிவிட்டார். "அவ தூக்கி வளர்த்தது உன்னை. நீ எழுதாமல் ஆர் எழுதுறது?" என்று கேட்டார். ஆறு பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. இருவருக்கும் நடுவே பதினெட்டு வயது. எழுத உட்கார்ந்தால், இந்த மனிசியை எந்தச் சொல்லுக்குள் அடக்குவதென்று மலைப்பாகத்தான் இருக்கிறது.

அக்கா வன்னியில், குளத்தை நம்பி வாழ்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். இருபத்திரண்டு வயதில் எங்களூர் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்தார். தலைமையாசிரியை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரே ஆசிரியை அவர்தான், மணி அடிப்பவரும் அவர்தான். கலியாணம் பேசி வந்தவர்களிடம், "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாத்தியார் வரட்டும், பிறகு பாப்பம்" என்றாராம். இன்னொரு வாத்தியார் வர ஒன்பது வருடம் எடுத்தது. அதற்குள் கேட்டு வந்தவர்களெல்லாம் பிள்ளைகுட்டிக்காரர் ஆகிவிட்டார்கள்.

எங்கள் கல்வி வட்டாரத்தில் மொத்தமே ஐந்து பள்ளிக்கூடங்கள். எல்லாம் கிடுகுக் கொட்டகையில் தொடங்கியவை. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முதல் தாய் தகப்பன்மார் கூடிக் கூரை வேய்வார்கள். போர் வந்தது. ஐந்தும் போயின, பிள்ளைகளின் பெயர் பதிந்த இடாப்புகளும் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணை ஸ்பொன்சர் பண்ணி அக்கா ரொறன்ரோ வந்தபோது, அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் இருந்ததென்று சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

வந்த மாதமே அக்கா கொப்பிகள் வாங்கினார். "ஒரு கடதாசி ஒற்றையிலயாவது இருக்கட்டும்" என்று அந்த ஐந்து பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். ஆர் காணி கொடுத்தது, பிள்ளைகள் இருக்க ஆர் வாங்கு செய்து தந்தது, எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று எல்லாம் எழுதினார். சந்தேகம் வந்தால் ஒஷாவாவில் இருக்கும் பழைய மாஸ்டருக்கு ரெலிபோன் எடுப்பார். "மாஸ்டர், உது பிழை. கிணறு வெட்டினது வெள்ளத்துக்கு முதல். வெள்ளத்துக்குப் பிறகு வெட்டினது கக்கூசு" என்று அக்கா சொல்வதைக் கேட்டு அண்ணையின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்கள் நேற்றுச் சாப்பிட்டதை மறந்துவிடுகிறோம். அக்கா முப்பது வருடத்துப் பிள்ளைகளைத் தகப்பன் பெயரோடு சொன்னார். அம்மாவாணை, அப்படியொரு தலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து நான் வந்து அகதிக் கோரிக்கை வைத்தேன். அங்கேதான் சிக்கல் பிடித்தது. என் பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடம், அக்கா இடாப்பில் பதிந்தபடி வந்த பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் அதற்கு முந்திய வருடம். விடுகைப் பத்திரத்தைப் பார்த்து எழுதிய அடையாள அட்டையிலும் பிழையான வருடம். நான் சொல்லும் ஆள் நான்தானா என்று விசாரணை அதிகாரிக்குச் சந்தேகம். அவர் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு நித்திரை போய்விட்டது.

அக்காவைச் சாட்சிக்குக் கூட்டிப்போக முடிவாயிற்று. "கைதவறி எழுதினது எண்டு சொல்லுங்கோ அக்கா. அவ்வளவும் போதும்" என்றார் அண்ணை.

"கை தவறேல்லையடா. தெரிஞ்சுதான் எழுதினனான்."

"ஐயோ, அதை ஏன் அங்க சொல்லுவான்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கச் சொல்லுறியோ?" என்று கேட்டுவிட்டு அக்கா கறியை இறக்கப் போய்விட்டார். கடைசி நேரத்தில் மனம் மாறுவார் என்றுதான் நான் நம்பினேன்.

மாறவில்லை. அந்த அறையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் எல்லாவற்றையும் சொன்னார். இருபது பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தைப் பூட்டி அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அந்த வருடம் பதின்மூன்று பேர்தான். நாலு வயதுப் பிள்ளைகள் ஏழு பேரை ஐந்து வயதென்று இடாப்பில் பதிந்தார். அதில் ஒருவன் நான்.

"பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று அதிகாரி கேட்டார்.

"குளக்கட்டாலை மூண்டு மைல் நடக்கோணும் ஐயா. ஆனை வாற பாதை. ஒருதரும் பிள்ளையளை அனுப்பியிருக்க மாட்டினம்."

"அரசாங்க இடாப்பில் பொய் எழுதியவர் இப்போது சொல்வதை நான் ஏன் நம்பவேண்டும்?"

அக்கா பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். 'நான் பிழையாகப் பதிந்த பிள்ளைகள்' என்று தலைப்பு. ஏழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மையான பிறந்த திகதி. மேலே போட்டிருந்த திகதிப்படி, நான் கனடாவில் கால் வைப்பதற்கு முதலே எழுதிய பக்கம் அது. "இது எங்கட பள்ளிக்கூடங்களின்ர சரித்திரம். என்ர பிழையை விட்டிட்டு எழுதினால் அது சரித்திரமில்லை" என்றார். அதிகாரி அந்தக் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐந்து கிழமை கழித்து என்னை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. கடிதத்தைக் காட்டியபோது அக்கா, "பிறந்த திகதி என்ன போட்டிருக்கிறாங்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். சரியான திகதி இருந்தது. அதைப் பார்த்து அக்கா அழுதார். அக்கா அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். அன்று பின்னேரமே மற்ற ஆறு பேரின் விலாசம் தேடத் தொடங்கிவிட்டார். நாலு பேர் கிடைத்தார்கள். நால்வருக்கும் தன் பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்த கடிதம் போனது.

போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. வலியோடும் ஐந்தாவது பள்ளிக்கூடத்தை எழுதி முடித்தார். ஆசுப்பத்திரிக்கு முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த மோர்னிங்சைட் அன்ரிமாருக்கும், ஸ்ரௌவ்விலில் இருந்து பனிக்குள் கார் ஓடி வந்து கூட இருந்த உறவினருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், அக்கா கண்ணை மூடும்வரை "கிணறு வெள்ளத்துக்குப் பிறகுதான்" என்று அவரோடு சண்டை பிடித்த ஒஷாவா மாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடிதம் கிடைத்த நால்வரில் மூவர் செத்தவீட்டுக்கு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

சென்ற கிழமை, அச்சுக்குக் கொடுப்பதற்காகக் கடைசிக் கொப்பியை வாசித்தேன். என் விசாரணை நாளையும் அக்கா எழுதியிருக்கிறார். அதிகாரியின் கேள்விகள், மொழிபெயர்ப்பாளரின் இருமல், எதையும் விடவில்லை. முடிவில் இப்படி இருந்தது: "வெளியில் நல்ல குளிர். தம்பி என்னைக் கவனமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டான்."

உறவுகளே, அந்த வரி பிழை. அன்றைக்கு வாசலில் வைத்து, பிறந்ததிலிருந்து 'நீங்கள்' என்று கூப்பிட்ட அக்காவை, "நீயெல்லாம் ஒரு அக்காவோ? என்னைக் கொல்லவோ வந்தனி?" என்று கேட்டேன். வீட்டுக்குப் போக வழி தெரியாத அக்காவை அந்தக் குளிருக்குள் தனியே விட்டுவிட்டுப் போனேன். கடிதம் வரும்வரை ஐந்து கிழமையும் அக்காவோடு நான் கதைக்கவில்லை. கொப்பி அச்சாகும்போது அந்த வரியைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.